ஆட்சேபம் சொல்ல உரியவர்கள்

பேச்சு மன்றத்தின் செயலாளரை, அவர் இல்லாத நேரத்தில் உறுப்பினர்கள் 'கத்தரி' என்றுதான் சொல்வார்கள். நேரம் தாண்டிப் பேசுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நறுக்கிவிடுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அது அவருக்கும் தெரியும். கேட்டும் கேட்காதவர் போல இருந்துவிடுவார். அந்த அம்மாளுக்கு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை எழுதி எழுதி, எந்த வாக்கியத்தில் சரக்கு இருக்கிறது, எது வெறும் காற்று என்று காது பழகிப்போயிருந்தது. அவரே மேடையேறிப் பேசியது குறைவு. பேச வருகிறவர்களுக்கு ஒழுங்கான மேடை அமைத்துக் கொடுப்பதில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

அவர் பொறுப்புக்கு வருமுன் மன்றத்தின் ஆண்டுப் போட்டி ஒரு கூத்தாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நடுவர்கள் எல்லாரும் தலைவரின் சிநேகிதர்கள். மதிப்பெண் போடும்போது ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வருடம், தோற்றுப்போன பெண்ணின் மாமா மேடைக்கு ஏறி, மைக்கைப் பிடுங்கி, நடுவர்களின் பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்த்தார். கூட்டம் கைதட்டி ரசித்தது. அதற்குப் பிறகுதான் செயலாளர் உட்கார்ந்து விதிகளை எழுதினார்.

நடுவர்கள் வெளியூர்க்காரர்கள். போட்டியாளர் ஒருவரையும் முன்பின் தெரிந்திருக்கக் கூடாது. தள்ளித் தள்ளி உட்கார வேண்டும், தங்களுக்குள் பேசக் கூடாது. போட்டிக்கு முந்தின நாள் ஒரு பழைய பேச்சைப் போட்டுக் காட்டி அவர்களை மதிப்பெண் போடச் சொல்வார்; ஒருவர் அள்ளிக் கொடுத்து இன்னொருவர் கிள்ளிக் கொடுத்திருந்தால், ஏன் என்று இருவரையும் விளக்க வைப்பார். பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார். நடத்துகிறவர்கள் நடுவர்களிடம் போட்டியாளரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாமாவை மனத்தில் வைத்து எழுதிய விதி: ஆட்சேபம் சொல்லும் உரிமை போட்டியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் மட்டுமே உண்டு. அதுவும் முடிவு அறிவிக்கும் முன்பாக. அதுவும், பேச்சு வேறொருவருடையது, அல்லது பேசியவருக்குத் தகுதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும். பார்வையாளர்கள், உறவினர்கள், பணியாளர்கள் எவருக்கும் அந்த உரிமை கிடையாது.

அந்த விதி வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. வேறு ஊர் மன்றங்கள்கூட அதை அப்படியே கேட்டு வாங்கிப் போயின.

மிச்சம் இருந்த தலைவலி மைக். போன வருடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு செவிலியரின் பேச்சு பாதியில் 'கீ' என்ற இரைச்சலில் போய்விட்டது. இந்த முறை செயலாளர் தானே கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒருவர் அகப்பட்டார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். மற்றவர்கள் எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம் என்று அளந்துவிட்டபோது, இவர் மட்டும் மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வந்தவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் நின்று கையைத் தட்டிக் கேட்டார்.

"மேடைக்கு மேல இருக்கற ஃபேன் சத்தம் மைக்ல ஏறும்மா. பேச்சு நடக்கறப்ப அத நிறுத்திடணும். பேசறவங்களுக்கு வேர்க்கும். பரவாயில்லையா?"

"வேர்க்கட்டும் தம்பி. பேச்சு கேக்கணும், அதுதான் முக்கியம்."

இருவருக்கும் அங்கேயே ஒத்துப்போய்விட்டது. கையில் பிடிக்கும் மைக் வேண்டாம், பேசுகிறவர்கள் கையை ஆட்டும்போது குரல் விட்டுவிட்டுக் கேட்கும், சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்தான் சரி என்று முடிவானது. கிளம்பும்போது மைக்காரர் தயங்கி நின்றார்.

"இன்னொண்ணு சொல்லிடறேம்மா. ஒரு காலத்துல ரொம்பக் குடிச்சுட்டு இருந்தேன். இப்ப சுத்தமா இல்ல. விட்டு வருஷங்கள் ஆச்சு. நாளைக்கு வேற யாராவது வந்து உங்க காதுல போடறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு."

"வீட்ல யாரு இருக்கா?"

"நான் மட்டுந்தான். அம்மா அண்ணன்கூட இருக்காங்க. அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அவரு வீட்ல இல்லாத நேரமாப் பாத்துத் தெருமுனையில போய் நிப்பேன். அம்மா வந்து பாத்துட்டுப் போவாங்க."

அதற்கு மேல் செயலாளர் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் இதைவிடப் பெரிய குடும்பக் கதைகளை எழுதி எழுதி அவருக்குக் கை மரத்துப்போயிருந்தது.

போட்டியன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வணிகர் சங்கக் கட்டடத்தின் மாடி அது. மடக்கு நாற்காலிகள் போதாமல் கீழே அலுவலகத்திலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள். மேடையின் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. பேச வேண்டியவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து மைக் குத்திக்கொள்ள வேண்டும். செயலாளர் அங்கேதான் நின்றிருந்தார்.

குலுக்கலில் கடைசியாக வந்தவர் ஒரு வங்கி மேலாளர். நன்றாக உடுத்தியிருந்தார், நடையில் ஒரு நிதானம். தன் அம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, தன் முறைக்குச் சற்று முன்புதான் அறைக்குள் வந்தார். மைக்காரர் கையில் மைக்கோடு திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேலாளர் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். மைக்காரர் கிட்டே போய், காலரை விலக்கி, மைக்கைக் குத்தி, ஒயரைச் சட்டைக்குள் விட்டு, டப்பாவை இடுப்பில் மாட்டினார். டப்பா இரண்டு முறை கைநழுவியதைச் செயலாளர் பார்த்தார். பழைய குடியின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

"பேசிப் பாருங்க," என்றார் மைக்காரர்.

"வணக்கம், வணக்கம்," என்றார் மேலாளர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"சரியா இருக்கு."

பிறகு மேலாளர் மேடையேறினார். மைக்காரர் மண்டபத்தின் பின்பக்கம் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அதுவரை பேசியவர்களும் சோடை போகவில்லை. ஆனால் மேலாளர் வாயைத் திறந்ததும் மண்டபத்தில் இருமல்கூட நின்றது. தன் தம்பியைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் குளத்தில் அவனுக்கு நீச்சல் கற்றுக் கொடுத்ததை, வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கியதை, கையை எடுத்ததும் அவன் அலறியதைச் சொன்னார். சிரித்தார்கள். பிறகு அதே தம்பி குடிக்கு அடிமையானதைச் சொன்னார். ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து மதுக்கடை மதுக்கடையாகத் தேடிப் போனதை, தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டி வந்ததைச் சொன்னார். குரலைத் தணித்துக்கொண்டே போனார்.

"ஒரு நாள் நான் போகவில்லை. களைப்பாக இருந்தது. நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் மருத்துவமனையில் ஒரு வெள்ளைத் துணியை விலக்கி, இது உங்கள் தம்பிதானா என்று கேட்டார்கள். அன்றைக்கு நான் அவனுக்கு அடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இந்த முறை அவன் அலறவில்லை."

குரல் கிட்டத்தட்ட மூச்சாகிவிட்டிருந்தது. ஆனாலும் கடைசி வரிசைவரை ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. குரல் இறங்க இறங்க, பின்னால் யாரோ கூடவே ஒலியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன் வரிசையில் அவருடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியுமுன் பேச்சு முடிந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கத்தரி என்று பெயர் வாங்கிய செயலாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுவர்களின் தாள்கள் கைக்கு வந்தன. கூட்டிப் பார்ப்பதற்காக இடைவேளை விட்டார்கள். செயலாளர் மாடிப்படி அருகே நின்றிருந்தபோது மைக்காரர் வந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

"பிரமாதம் தம்பி! அந்தக் கடைசிப் பேச்சு, அவரு முணுமுணுத்ததுகூடக் காதுல வந்து விழுந்துச்சு. எப்படித்தான்..."

"அவரு சொன்ன தம்பி நான்தாம்மா."

செயலாளருக்குப் பிடிபடவில்லை. "எந்தத் தம்பி?"

"செத்துப்போனவன்."

அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. விலாசம் கேட்டவருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நீச்சல் கத்துக் கொடுத்தது நெஜம்மா. அதுல பொய் இல்ல. தேடி வந்ததுதான்... அவரு ஒரு நாளும் வந்ததில்ல. ஒரு தடவ நானா அவங்க பழைய வீட்டுக்குப் போனப்போ கதவத் தெறக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க தண்ணி குடுத்தாங்க."

செயலாளர் விறுவிறுவென்று பக்கவாட்டு அறைக்குப் போனார். மேலாளர் தனியாக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி உயிரோட இருக்காரு."

மேலாளர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆமா மேடம்."

"உங்க காலர்ல மைக் குத்தினதே அவருதான். பாத்துட்டுத்தானே மேடையேறினீங்க?"

"பாத்தேன். அதிர்ச்சியாத்தான் இருந்துச்சு. ஆனா மாசக்கணக்கா மனப்பாடம் பண்ணின பேச்சு, மேடம். கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பேசிப் பழகினது. மேடைக்கு ஏற வேண்டிய நேரத்துல எதை எடுத்து மாத்தறது?"

"அதுக்காக ஒரு மனுஷன அவரு காது கேக்கவே..."

"மேடம், அவன் குடிச்சுட்டுத் தெருவுல கெடந்த காலத்துல எனக்கு அவன் செத்தவன் மாதிரித்தான் இருந்தான். அந்த வலி நெஜம். அதைத்தான் பேசினேன். கதையா இருந்தாத்தான் ஜனங்க கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, மரியாதை குறையாமலே சேர்த்துக்கொண்டார்: "உங்க விதிகளை வரி விடாம படிச்சுட்டுத்தான் வந்தேன். பேச்சு சொந்தமா எழுதினதா இருக்கணும். இது நானே எழுதினது. வேற எதாவது இருக்கா?"

வேறு எதுவும் இல்லை. அதைச் செயலாளரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"நீங்களே விலகிக்கலாம்."

"எதுக்கு?" என்றார் மேலாளர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை என்று தோன்றியது.

வெளியே வந்தபோது மூத்த நடுவர் ஜன்னலோரம் தனியாக நின்றிருந்தார். ஒரு நடுவர் நினைத்தால் ஆட்சேபம் சொல்லலாம். காரணம் விதிக்குள் அடங்குமோ இல்லையோ, ஒரு கேள்வியாவது எழும். முடிவை நிறுத்தி வைக்கலாம். செயலாளர் அவர் பக்கம் போனார். கிட்டே போனதும் அவர் புன்னகையோடு திரும்பினார்.

"ஏதாவது வேணுமா மேடம்?"

நடத்துகிறவர்கள் நடுவர்களிடம் போட்டியாளரைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தானே எழுதியது, எத்தனையோ பேரை அந்த விதிக்காகவே கடிந்துகொண்டது.

"இல்ல சார். வசதியா இருக்கீங்களான்னு கேக்க வந்தேன்."

"எல்லாம் ரொம்பச் சரியா இருக்கு. இவ்வளவு ஒழுங்கா நடக்கற போட்டிய நான் பாத்ததில்ல."

செயலாளர் மைக்காரரைத் தேடிப் பின்பக்கம் போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். மேலாளரின் அம்மா. மைக்காரரின் அம்மாவும் அவர்தான் என்பது அப்போதுதான் செயலாளருக்கு உறைத்தது. சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார்.

"கோவிச்சுக்காதடா," அம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "பேச்சுக்காகச் சொன்னான். வேற என்ன இருக்கு அதுல?"

"சரிம்மா."

"நீ இங்க இருப்பேன்னு அவனுக்குத் தெரியுமா?"

"சரிம்மா, விடு. நீ ஏம்மா அழுத?"

அம்மா மேசையின் ஓரத்தை விரலால் தேய்த்தார். "வீட்ல பேசிப் பாக்கறப்பல்லாம் எனக்கு ஒண்ணும் ஆகல. இன்னைக்கு மைக்ல கேக்கும்போது அழுகை வந்துடுச்சுடா."

மைக்காரர் தலையை ஆட்டினார். குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார்.

முடிவைச் செயலாளர்தான் அறிவிக்க வேண்டும். அறிவித்தார். முதல் பரிசு வங்கி மேலாளருக்கு. மூன்று நடுவர்களும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், அவருக்கே கொடுத்திருந்தார்கள். கோப்பையைக் கொடுக்க வந்த மூத்த நடுவர் மைக்கின் முன் நின்று, நா தழுதழுக்கப் பேசினார்.

"நான் பல போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். இன்று நாம் கேட்டது பேச்சு அல்ல. அந்தத் தம்பிக்காக நாம் எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்."

நாற்காலிகள் சரசரத்தன. எல்லாரும் எழுந்தார்கள். மேலாளர் கோப்பையை அணைத்தபடி தலையைக் குனிந்துகொண்டார். முன் வரிசையில் அம்மா எழுந்தார். மண்டபத்தின் கடைசியில் மைக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டினார்.

"எழுந்திருப்பா. செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மைக்காரர் எழுந்து நின்றார்.

மேடையிலிருந்து செயலாளர் அதைப் பார்த்தார். அவர் வாயில் சொற்கள் வந்து நின்றன. முன்னால் மைக் இருந்தது, அதுவும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் நடத்துகிறவர் முடிவுக்குப் பிறகு மைக்கைப் பிடித்து ஒரு போட்டியாளரைத் தாக்கிப் பேசினால், அந்தப் பழைய மாமாவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அப்படித்தான் அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தில் இதைத் தவிர வேறு எதுவும் அவருக்குச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்தப் பேச்சின் வீடியோ ஊரெங்கும் சுற்றியது. குடியை விட முடியாதவர்களின் மனைவிமார் அதைக் கணவன்மாருக்கு அனுப்பினார்கள். மன்றத்துக்குப் புது உறுப்பினர்கள் வந்து குவிந்தார்கள். மாதக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து நடந்ததைச் சொன்னார். உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி உண்மைக்கு மாறாகச் சொல்லி அதை நிஜம் என்று நம்ப வைக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்க்க வேண்டும் என்றார்.

தலைவர் ஒரு பல் மருத்துவர், மென்மையாகப் பேசுகிறவர். "பேச்சு நல்லா இருந்துச்சா இல்லையா, மேடம்?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. அதனாலதான் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒருவர், "அப்போ எங்கப்பா செத்ததப் பத்திப் பேசினா இறப்புச் சான்றிதழும் கொண்டு வரணுமா?" என்றார். கொல்லென்று சிரித்தார்கள். விதி தோற்றது. அடுத்த வருடம் நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வங்கி மேலாளரையே அழைக்கலாம் என்று யாரோ சொல்ல, அது ஒருமனதாக நிறைவேறியது.

செயலாளர் அங்கேயே விலகிக்கொள்வதாகச் சொன்னார். தன்னைத் தடுப்பார்கள் என்ற எண்ணம் அவருக்குள் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. தலைவர் உண்மையான வருத்தத்தோடுதான் பதில் சொன்னார்: "உங்க இஷ்டம் மேடம். நீங்க எல்லாத்தையும் அவ்வளவு தெளிவா எழுதி வச்சிருக்கீங்க, நாங்க சமாளிச்சுக்குவோம்." அது உண்மைதான். அடுத்த போட்டி ஒரு குறையும் இல்லாமல் நடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டார்.

விலகிய வாரத்தில் அவர் மைக்காரரின் கடைக்குப் போனார். மைக்காரர் ஒரு ஸ்பீக்கரின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய துணியால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"செயலாளர் வேலைய விட்டுட்டேன் தம்பி," என்றார். சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவருக்கே பட்டது.

"ஏம்மா? நல்லாத்தானே நடத்தினீங்க."

"அம்மாவப் பாத்தீங்களா?"

"இல்ல. தெருமுனைக்கு வர வேண்டாம்னு போன்ல சொல்லிட்டாங்க." ஒரு திருகாணியைக் கழற்றி மூடியில் போட்டார். "அந்தத் தெருவுல எல்லாரும் வீடியோவப் பாத்துட்டாங்களாம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட துக்கம்கூட விசாரிச்சிருக்காங்க. இப்ப நான் போய் நின்னா அண்ணன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாருன்னு கேக்கறாங்க."

"நான் போய் அவங்ககிட்ட பேசட்டுமா?"

"வேண்டாம்மா. நீங்க எடுத்துச் சொன்னா எங்கம்மா அழும். அழுது முடிச்சுட்டு அண்ணன் சொல்றதத்தான் கேக்கும்."

கடைக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்," என்றார் மைக்காரர். "அன்னைக்கு நான் வந்து, இது ஆட்சேபம்னே சொல்லியிருந்தா, எடுத்துக்கிட்டிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று செயலாளருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரே ஒரு சொல். எதிரே இருப்பவர் அதைக் கேட்டு ஆறுதல்கூட அடையலாம்.

"மாட்டேன் தம்பி," என்றார்.

மைக்காரர் தலையாட்டிக்கொண்டார். கடை வாசலில் யாரோ வந்து, ஒரு கூட்டத்துக்கு மைக் செட்டு வேண்டும், என்ன வாடகை என்று கேட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். எத்தனை பேர் வருவார்கள், மண்டபமா திறந்தவெளியா என்று விசாரிக்கும் குரல் கேட்டது. பேரம் நீண்டுகொண்டே போனது. செயலாளர் இன்னும் சற்று நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவர்களுக்குக் குறுக்கே போகாமல் ஓரமாக விலகி, தெருவில் இறங்கினார்.